பழைய இரும்புக்கு ஓர் உரிமம்

மார்ச் பிறந்துவிட்டால் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் மேசை கண்ணுக்குத் தெரியாது. ஆபத்தும் தொல்லையும் தரக்கூடிய தொழில்களுக்கான டி அண்ட் ஓ உரிமங்கள் எல்லாம் அந்த மாதம் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுக் கணக்கு. மாவு மில், ஓட்டல், சலூன், லாட்ஜ், மரக்கடை, கறிக்கடை என்று விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். துப்புரவு ஆய்வாளராக வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை, அந்தக் கட்டுகளைப் பிரித்ததும் நான் முதலில் தனியாக எடுத்து வைப்பது பழைய இரும்புக் கடை விண்ணப்பங்களைத்தான். மாவு மில்லை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே மில்தான். பழைய இரும்புக் கடை அப்படியில்லை. இன்று பார்த்த சரக்கு நாளை அங்கே இருக்காது. நாளை என்ன வரப்போகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. வருடத்துக்கு ஒரு உரிமம், பொழுதுக்கு ஒரு சரக்கு. என் பணிக்காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றிருந்தேன்.

எங்களுக்கு அதிகாரம் கொடுத்தது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 249-ஆம் பிரிவு. சென்னைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 287-ஆம் பிரிவு. உரிமம் வாங்காமல் எந்தெந்தத் தொழிலுக்கு ஓர் இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சட்டங்களின் பின்னிணைப்பில் நீளப் பட்டியல் இருந்தது. எலும்பு, தோல், கொம்பு, கந்தல்துணி, கரி, பட்டாசு என்று போகும் அந்தப் பட்டியலைப் படித்தால் நூறு வருடத்துக்கு முந்தைய ஊரின் வாசமே வரும். அன்றைக்கு அவர்கள் பயந்தது நாற்றத்துக்கும் தீக்கும். அந்தப் பயத்தில் தவறில்லை. 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்கள் விலகிக்கொண்டன. என் காலத்தில் விண்ணப்பத்தோடு நாங்கள் கேட்டது சொத்துவரி ரசீது, வாடகை ஒப்பந்தம், மோட்டார் வைத்திருந்தால் அதன் குதிரைத்திறன். கடைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் காகிதங்களில் ஒரு வரிகூட உதவாது. நேரில் போக வேண்டும். வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பாமல், கடைசிச் சுவர்வரை நடக்க வேண்டும்.

கடைசிச் சுவர் ஓரத்தில்தான் டயர் கிடக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் வேலையில் பாதி டயருக்குள் தேங்கிய தண்ணீரோடுதான் கழிந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்தம். டயருக்குள் நிழல் உண்டு, சூடு அடங்கியிருக்கும், மழைநீர் எளிதில் வற்றாது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரு குழிவில் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவோம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் அடுத்த மழை நனைத்ததும் பொரிந்துவிடும். அதாவது, நம் ஊருக்கு லாரியில் வந்து இறங்கும் காய்ந்த டயரிலும் வேறொரு ஊரின் கொசு வரலாம். ஆசியப் புலிக்கொசு என்று சொல்லப்படும் ஏடிஸ் இனம் ஒன்று 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் காலூன்றியதும் பழைய டயர் வியாபாரத்தின் வழியாகத்தான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கடல் தாண்டியே போயிருக்கிறதென்றால், பக்கத்து மாவட்டத்திலிருந்து வருவதற்குக் கேட்கவா வேண்டும்.

2017-இல் டெங்கு தமிழ்நாட்டை உலுக்கியபோது கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர்களோடு தெருத்தெருவாக நடந்தோம். அன்றைக்கு மேலிடத்திலிருந்து வந்த அழுத்தம் அபராதம் போடச் சொல்லித்தான். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, போட்டோம். ஆனால் அபராத ரசீது டயருக்குக் கூரை போடாது. கடைக்காரர்கள் தார்ப்பாய் வாங்கி மூடினார்கள். தார்ப்பாய் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்விலேயே குளம்போலத் தண்ணீர் நின்றது. நடுவில் ஒரு மூங்கிலை நிறுத்திக் கூடாரம்போல் சரிவு கொடுத்துக் கட்டச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. அதைக் கட்டிக் காட்ட வாய்ச்சொல் போதவில்லை. கொசு ஒழிப்பு மஸ்தூர்களோடு நின்று கயிறு பிடித்தோம். நாள்பட விற்காத டயரில் ஓட்டை போடச் சொன்னோம். வாங்குகிறவர்கள் டயரை வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் போகும்படி பேசி ஏற்பாடு செய்த ஊரில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தின் செலவே குறைந்தது. சரக்கு தேங்காமல் ஓடினால் தண்ணீரும் தேங்காது. பழைய இரும்புக் கடையின் சுகாதாரத்தை அதன் சரக்கு ஓடும் வேகம் தீர்மானிக்கிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

டயரை விட்டுத் திரும்பினால் பேட்டரி. கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குள் கந்தக அமிலமும் ஈயத் தகடும் இருக்கும். விலை ஈயத்துக்குத்தான். அமிலத்தைச் சாய்த்துவிட்டுத் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் வண்டிக்கு எடை மிச்சம். அமிலம் கொட்டுவதை நான் போய் நிற்கும் நேரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் சிமென்ட் காட்டிக் கொடுத்துவிடும். சாக்கடை விளிம்பு வெந்து, வெள்ளையாகப் பொரிந்து, விரலால் தொட்டால் உதிரும். அப்படி ஒரு விளிம்பைப் பார்த்தால் அடுத்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளை விசாரிப்பேன். ஈயத்தைப் பின்கட்டில் வைத்து உருக்குகிறார்களா, எந்த நேரத்தில் புகை வருகிறது என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தொடுகிறது. பேட்டரியைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்க வேண்டும் என்று 2001-இலேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-இல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. நான் கடைக்காரர்களிடம் கேட்டது எளிய ஒன்று: பேட்டரியை உடைக்காதீர்கள், முழுசாக, நிமிர்த்தி வைத்து, கூரைக்குக் கீழே அடுக்கி, முழுசாகவே விற்றுவிடுங்கள். இதற்குப் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வயிற்றெரிச்சலோடுதான். விலையில் நாலு காசு குறையும் என்பது உண்மை.

செம்புக் கம்பி எரிப்பது இன்னும் சிக்கல். ரப்பர் உறை என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது பி.வி.சி. எரித்தால் வரும் புகையில் டையாக்சின் வரை இருக்கும். எல்லாரும் தூங்கிய பிறகு எரிப்பார்கள். காலையில் சாம்பல்கூட இருக்காது, தரையில் பச்சை படர்ந்த கருப்புத் திட்டு மட்டும் இருக்கும். உறையை உரிக்கும் சிறு மெஷின் வந்த பிறகு இது கணிசமாகக் குறைந்தது. உரித்த செம்புக்கு எரித்த செம்பைவிட விலை அதிகம் என்பதைச் சந்தையே சொல்லிக் கொடுத்தது.

மூடிய பாத்திரம் எதுவானாலும் எனக்குப் பயம். தீயணைப்புக் கருவியின் உருளை, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பெயின்ட் டிரம், லாரியின் டீசல் டேங்க். காலி என்று நினைத்துத்தான் கேஸ் கட்டிங் வைப்பார்கள். காலி டேங்கில் எண்ணெய் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். நிறைந்த டேங்கைவிட அதுதான் வெடிக்கும். முதலில் மூடியைத் திற, தண்ணீர் நிரப்பு, பிறகு வெட்டு என்று எத்தனை கடைகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய பொருள் சந்தையில் நடந்தது எங்கள் தொழிலில் இருந்த எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பயன்படாமல் கிடந்த ஆராய்ச்சிக் கருவி ஒன்று ஏலத்தில் விலைபோயிற்று. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. கடைக்காரர்கள் ஈயத்துக்காக அதைப் பிரித்தார்கள். கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார், மேலும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்தச் சந்தையில் இருந்தவர்கள் யாரும் சட்டத்தை மீறவில்லை. ஏலத்தில் வந்ததை வாங்கினார்கள், பிரித்தார்கள். மூன்று இதழ் போட்ட அந்தக் கதிர்வீச்சுக் குறியை அவர்களுக்கு யாரும் அதற்கு முன் காட்டியிருக்கவில்லை. செய்தி வந்த வாரமே அந்தக் குறியை ஓர் அட்டையில் பெரிதாக வரைந்து, என் பகுதியில் இருந்த ஒவ்வொரு கடையிலும் தராசுக்கு மேலே ஒட்ட வைத்தேன். அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

அட்டையை ஒட்டினால் போதாது, சரக்கைப் பிரிக்கிற பெண்களுக்கு அதைக் காட்ட வேண்டும். கடையில் ஆபத்தை முதலில் தொடுவது அவர்கள் கைதான். பிளாஸ்டிக்கை நகத்தால் சுண்டி, வளைத்துப் பார்த்தே ஹெச்.டி. எது, பி.பி. எது, பி.வி.சி. எது என்று தனித்தனிச் சாக்கில் போடுகிறவர்கள் அவர்கள். காந்தம் வைக்காமல் எவர்சில்வரின் தரம் சொல்கிற ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். பாதி சலைன் பாட்டில், பாதி ஊசி. “ரெண்டு நாளா இதுதாஞ் சார் வருது. கையில குத்துது. மொதலாளி கிட்டச் சொன்னா எடை போட்டாச்சுங்கறாரு” என்றார். மருத்துவக் கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. மூட்டை எந்த மருத்துவமனையின் பின்வாசலில் இருந்து புறப்பட்டது என்று பாட்டில் பெட்டியின் சீட்டே சொல்லிற்று. நடவடிக்கை கடைமீது போகாமல் அங்கே போகும்படி நகர்நல அலுவலரிடம் மன்றாடிச் செய்ய வைத்தோம். அந்தப் பெண்களுக்குத் தடுப்பூசி போட்டோம். கடைக்காரரை மட்டும் தண்டித்திருந்தால் அடுத்த மூட்டையை அந்த அம்மா எனக்குக் காட்டியிருக்க மாட்டார். கடைகளைக் கண்காணிப்பதில் எனக்கு இருந்த ஒரே நம்பகமான கருவி அந்த மாதிரி மனிதர்களின் வாய்ச்சொல். அதை இழக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

புகார் மனுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடைமீது வரும் மனுக்களில் டயரும் அமிலமும் அபூர்வம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, லாரி நிற்கிறது, சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதே அதிகம். கோட்டாட்சியர் வரை போகும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவில் பொதுத் தொல்லை என்று எடுப்பார்கள். இப்போது அது புதிய சட்டத்தில் 152 ஆகியிருக்கிறது. தெற்கேயிருந்து வந்து கடை போட்ட அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: “நா வந்தப்போ இங்கன சுத்திச் சோளக்காடுலா கெடந்துச்சு. பொறவு வந்து வீட்டைக் கட்டிட்டு, இப்போ கடை நாறுதுங்காவ. யாரு மொதல்ல வந்தான்னு நீங்களே சொல்லுங்க சார்.” அவர் சொன்னது உண்மை. குடியிருப்போர் சொன்ன கம்ப்ரஸர் சத்தமும் உண்மை. வேலை நேரத்தை மாலை ஆறோடு நிறுத்தி, தகரத் தடுப்பை உயர்த்தி, வெட்டுவதைத் தெருவை விட்டு உள்பக்கம் மாற்றியிருந்தால் இரு தரப்பும் அங்கேயே வாழ்ந்திருக்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

அண்ணாச்சி கடை ஒழிந்துவிடவில்லை. நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில், வாடகை மலிவாகக் கிடைத்த இடத்துக்குப் போயிற்று. மலிவாகக் கிடைத்ததன் காரணம் அது குளத்தின் தாழ்ந்த கரை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்கும் உரிமம் தரும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே ஒரு செயலர், ஒரு பீரோ, நாலைந்து குக்கிராமங்கள். கடைக்குள் நடந்து பார்க்க ஆள் கிடையாது. ஐப்பசி மழையில் குளம் நிறைந்து தண்ணீர் கடைகளுக்குள் ஏறி இறங்கியபோது கியர் ஆயிலும் கிரீஸும் நிறம் நிறமாக மதகு வரை படர்ந்திருந்தன. ஊருக்குள் கண்ணை உறுத்திய கடை, ஊருக்கு வெளியே போய்க் குடிநீரைத் தொட்டது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்கவும் உரிமை இல்லை. இந்தக் கடைகளை எங்கே வைப்பது என்று முழுமைத் திட்டம் வரையும்போதே இடம் ஒதுக்காத ஊர்கள் எல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் நீர்நிலைக் கரையைத்தான் அவற்றுக்கு ஒதுக்குகின்றன. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் எந்த ஊரின் புறவழிச்சாலையில் போனாலும் பார்க்கலாம்.

நாங்கள் மட்டும் வருகிறவர்கள் இல்லை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடத் தொழிலாளர் துறை வரும். திருட்டுப் பொருள் வாங்கினாயா என்று காவல் நிலையம் வரும். யாரிடம் என்ன வாங்கினோம் என்ற நோட்டு வைத்திருந்தால் அந்த வருகையைத் தாங்கலாம். வண்டி உடைப்பதென்றால் பதிவுச் சான்றை ரத்து செய்து, சேஸிஸ் எண்ணை வெட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டும் வழக்கம் இருந்தது. இப்போது 2021 விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குத்தான் வண்டி போக வேண்டும். ஆயுள் முடிந்த வாகனங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன. பழைய வண்டிகளைப் பிரிக்கும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி ஓர் இடத்தில் தலைமுறைகளாகக் கை பழகிய மெக்கானிக் இந்த ஏற்பாட்டில் எங்கே நிற்கப் போகிறார் என்பது பெரிய கேள்வி. மின்னணுக் கழிவுக்கு 2022-இல் வந்த விதிகள் பதிவு செய்யச் சொல்வது உற்பத்தி செய்பவர், சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோரை. வீட்டுக்கு வீடு போய்ப் பழைய டி.வி.யை எடைக்கு வாங்குகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அவர் தொழில் நின்றுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாததை எந்த ஆய்வாளரும் திருத்த முடியாது.

இதில் என் மனதை உறுத்திய ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்குவோரையும் பழைய பொருள் வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்யும்படி உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தன. குப்பையைப் பிரித்து உரமாக்கும் நுண்ணுரக் கூடங்கள் வந்த பிறகு நகராட்சியே அட்டையையும் பாட்டிலையும் பிரித்து விற்கிறது. வாங்க வருகிறவர் யார்? நாங்கள் உரிமம் கொடுக்கத் தயங்கிய அதே கடைக்காரர். அவர் கையிலிருந்துதான் வார்ப்பிரும்பு கோவை ஃபவுண்டரிகளுக்கும், இரும்பு கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கும், அட்டை உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காகித ஆலைகளுக்கும் போகிறது. அவர் ஒரு வாரம் கடையைச் சாத்தினால் நகராட்சியின் கூடத்தில் மூட்டை வைக்க இடம் இருக்காது. தூய்மைப் பணிக்கு இவ்வளவு தோள் கொடுக்கிறவரை ஊருக்குத் தொல்லை என்ற தலைப்பில் மட்டுமே எங்கள் கோப்பு தெரிந்து வைத்திருக்கிறது. உரிமக் கோப்பையும் தூய்மைப் பணிக் கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் நாள் வர வேண்டும்.

நான் பணியில் இருந்த கடைசி சில வருடங்களில், உரிமத்தோடு அரைத்தாள் நிபந்தனை ஒன்றைத் தமிழில் தட்டச்சு செய்து இணைத்துக் கொடுத்தேன். டயருக்குச் சரிவான கூரை. பேட்டரியை உடைக்கக் கூடாது. வண்டி பிரிக்கும் இடத்தில் சிமென்ட் தளமும் எண்ணெய் பிடிக்கத் தொட்டியும். வெட்டும் இடத்துக்கும் காகிதக் கட்டுக்கும் நடுவில் லாரி புகும் அளவு இடைவெளி. பிரிக்கும் பெண்களுக்குக் கழிவறை, கையுறை, தண்ணீர். ஆணையர் கையெழுத்துப் போட்ட தாள் என்பதால் கடைக்காரர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வேறு ஊர்களின் ஆய்வாளர்கள் சிலர் அதை வாங்கிப் போய்த் தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள்.

அந்தத் தாளில் ஆறாவதாக ஒரு வரி உண்டு. ஓர் இரவு கொசுப் புகை அடிக்கும் வண்டியோடு போனபோது பெரிய கடை ஒன்றின் வெளிவாசல் பூட்டியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். பீகாரிலிருந்து வந்த பையன்கள், காகிதக் கட்டுகளின் மேலேயே படுக்கை விரித்திருந்தார்கள். திருட்டு போகாமல் இருக்க முதலாளி வெளியே பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். அவரை வரவழைத்து அப்போதே திறக்க வைத்தேன். மறுநாள் உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த சின்னக் கதவு ஒன்றைச் சுவரில் வெட்ட வைத்தேன். அதற்குப் பிறகு பார்த்தால், பல கடைகளில் இதே வழக்கம். வெளியே பூட்டக் கூடாது என்று வரியைச் சேர்த்தேன். ஆனால் நிபந்தனைத் தாள் ஓர் ஆய்வாளர் மாறினால் மறைந்துவிடும். விண்ணப்பப் படிவம் மறையாது. இன்று இணையத்தில் நிரப்பும் படிவம் பரப்பளவைக் கேட்கிறது, வரி எண்ணைக் கேட்கிறது. இரவில் உள்ளே எத்தனை பேர் தூங்குகிறார்கள், அவர்கள் தாமாகத் திறக்கக் கூடிய கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, யாராவது ஒருவர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும்.